வெண்புள்ளி போய்விட்டு மறுபடி வந்துவிட்டது, முழுத் தொட்டியிலும் செம்பு மருந்து ஊற்றலாமா?

நீலத்தொட்டி எழுதியது:

வணக்கம். 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, ஓடத் தொடங்கி 14 மாதம் ஆகிறது. உள்ளே இரண்டு ஒசெல்லாரிஸ் கோமாளி மீன், ஒரு மஞ்சள் டாங் மீன், ஒரு மண்டாரின் மீன், கொஞ்சம் மென்பவளம், இரண்டு க்ளீனர் இறால், நத்தைகள். 18 நாளைக்கு முன்னால் ஒரு பவுடர் ப்ளூ டாங் வாங்கி, பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, நேராக உள்ளே விட்டுவிட்டேன். திட்ட வேண்டியவர்கள் இந்த இடத்தில் திட்டிக்கொள்ளலாம், நானே தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆறாம் நாள் அதன் துடுப்பில் உப்புத்தூள் ஒட்டியது போல ஏழெட்டு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, தீனியைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்துக் கொடுங்கள், இறால் வேறு இருக்கிறது, அது கொத்தித் தின்றுவிடும் என்றார். கொடுத்தேன். ஒன்பதாம் நாள் பார்த்தால் ஒரு புள்ளிகூட இல்லை. பூண்டு வேலை செய்துவிட்டது என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். பதினைந்தாம் நாள் காலை விளக்கைப் போட்டதும் வயிற்றைக் கலக்கியது, பவுடர் ப்ளூவின் உடம்பு முழுக்கப் புள்ளி, மஞ்சள் டாங்கின் மேலும் இருபது முப்பது, கோமாளி மீன் ஒன்று கல்லில் போய் உரசிக்கொண்டே இருக்கிறது.

இப்போது அதே ஆள் செம்பு மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றச் சொல்கிறார். பவளத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அட்டையில் போட்ட இன்னொரு மருந்தும் இருக்கிறதாம். எதை ஊற்றுவது? இல்லை, புள்ளி இருக்கும் இரண்டு டாங்கை மட்டும் வெளியே எடுத்து வைத்தியம் பார்த்தால் போதுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.


செவுள் எழுதியது:

முதலில் எதையும் ஊற்றாதீர்கள். மூன்றே கேள்வி. புள்ளிகளை எண்ண முடிகிறதா, அல்லது மாவு தூவியது போல எண்ணவே முடியாத அளவுக்கு நுணுக்கமாக இருக்கிறதா? மீன் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குகிறதா, பம்பு தள்ளும் நீரோட்டத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறதா? தீனி எடுக்கிறதா?


நீலத்தொட்டி எழுதியது:

எண்ண முடிகிறது, தனித்தனியாக உப்புக்கல் மாதிரிதான் இருக்கிறது. வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகவே சுற்றுகின்றன, நீரோட்டத்தில் எதுவும் நிற்கவில்லை. பவுடர் ப்ளூ உட்பட எல்லாம் சாப்பிடுகின்றன. மூச்சு மட்டும் பவுடர் ப்ளூவுக்குக் கொஞ்சம் வேகமாக இருக்கிறது.


செவுள் எழுதியது:

அப்படியானால் பெரும்பாலும் வெண்புள்ளி நோய்தான், கிரிப்டோகேரியான். வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோயாக இருந்திருந்தால் இந்த நேரத்துக்குப் பாதி மீன் போயிருக்கும். அது செவுளைத்தான் முதலில் பிடிக்கும், உடம்பில் தங்கத் தூள் போலத் தெரிவதற்குள் மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடும். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை, ஆனால் நிறைய நேரமும் இல்லை. மற்றதை உப்புக்காற்று வந்து சொல்வார், அவர் இதில் அடிபட்டவர்.


உப்புக்காற்று எழுதியது:

அடிபட்டவன்தான், மறுக்கவில்லை.

நண்பரே, ஒன்பதாம் நாள் புள்ளி மறைந்தது பூண்டால் இல்லை. அதன் பாட்டுக்கு அது மறையும், எல்லோரும் ஏமாறுவதும் அங்கேதான். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுத்ததும் தானாகவே கழன்று விழுந்துவிடும், பெரும்பாலும் இருட்டில். விழுந்தது சில மணி நேரம் ஊர்ந்துபோய் கல், மணல், கண்ணாடி, நத்தை ஓடு என்று கிடைத்ததில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பிளந்து பிளந்து பெருகி, ஒரு கூட்டிலிருந்து 200 வரை குஞ்சுகள் நீந்தி வெளியே வரும். அதுவும் விடிவதற்கு முந்தைய இருட்டில், மீன் கல் இடுக்கில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து. ஏழெட்டுப் புள்ளி போய், ஒரு வாரம் கழித்து உடம்பு முழுக்கத் திரும்பி வந்த கணக்கு இப்போது புரிகிறதா? மீன் சுத்தமாகத் தெரிந்த அந்த ஆறு நாளும் உங்கள் தொட்டியின் அடியில் கூடுகள் முதிர்ந்துகொண்டிருந்தன.

இறால் விஷயமும் அப்படித்தான். புள்ளி தோலுக்கு அடியில் இருக்கிறது, இறால் எப்படிக் கொத்தும்? அது கொத்துவது செத்த தோலையும் சளியையும்.

இந்தச் சுற்றை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் கேள்விகளுக்கு விடை தானாக வரும். செம்பு, மீன் மேல் இருக்கும் புள்ளியைக் கொல்லாது, கூட்டையும் கொல்லாது. நீந்தி வரும் குஞ்சை மட்டும்தான் கொல்லும். அதனால்தான் செம்பு வைத்தியம் ஒரு மாதம் நீள்கிறது, அந்த மாதம் முழுக்க மருந்து அளவு ஒரு நாள்கூட இறங்காமல் நிற்க வேண்டும். பவளமும் இறாலும் நத்தையும் இருக்கும் தொட்டியில் அதை ஊற்றினால் முதலில் சாவது அவைதான். போதாததற்கு லைவ் ராக்கும் (தொட்டியில் அடுக்கும் உயிருள்ள கடல்பாறை) மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அளவு நிற்கவே நிற்காது, பின்னால் எப்போது கசியும் என்றும் சொல்ல முடியாது. பவளத்துக்கு ஒன்றும் ஆகாத மருந்து என்று விற்பதை நான் மூன்று வகை வாங்கிப் பார்த்திருக்கிறேன். இறாலை ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மைதான், ஒட்டுண்ணியையும் ஒன்றும் செய்யவில்லை.

புள்ளி இருக்கும் இரண்டை மட்டும் எடுத்தால் போதாது. கோமாளி மீனின் செவுளுக்குள் இருந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து மீனும் வெளியே வர வேண்டும், மண்டாரின் உட்பட. அதற்குச் சளி தடிமன், புள்ளி அதிகம் பிடிக்காது, ஆனாலும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு நோயைத் தொட்டிக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கும். மீன் எல்லாம் வெளியே வந்தபின் பெரிய தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் சும்மா விடுங்கள். ஏன் 76 என்றால், ஒரு சோதனையில் கூட்டிலிருந்து கடைசிக் குஞ்சு வெளியே வர 72 நாள் ஆனது, அதன் மேல் கொஞ்சம் கூட்டி வைத்த கணக்கு. வெளியே வந்த குஞ்சுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும், பவளத்தையும் இறாலையும் அதனால் தின்ன முடியாது. இடையில் வாரம் ஒருமுறை கொஞ்சம் தீனி போடுங்கள், ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாது.


மணற்கடிகை எழுதியது:

எல்லோரும் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள். என் தொட்டியில் நான்கு வருடமாக வெண்புள்ளி இருக்கிறது, எனக்கே தெரியும். நீரைப் புற ஊதா ஒளி வழியாக அனுப்பும் யூவி விளக்கு, அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல ஸ்கிம்மர், ஒரு நாளைக்கு மூன்று வேளை விதவிதமான தீனி, மீன் கூட்டம் குறைவு. எப்போதாவது ஒன்றிரண்டு புள்ளி வரும், போகும். ஒரு மீனும் சாகவில்லை. ஐந்து மீனையும் துரத்திப் பிடிக்கக் கல்லை எல்லாம் புரட்டிப்போட்டால் அந்த அழுத்தத்திலேயே இரண்டு செத்துவிடும். எல்லோருக்கும் 76 நாள் என்ற ஒரே மந்திரம் தேவையில்லை.


உப்புக்காற்று எழுதியது:

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நோயிலிருந்து தப்பிய மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருகிறது, அது சில மாதம் நிற்கிறது, ஆய்வகத்தில் ஆறு மாதம்வரை நின்றதைப் பார்த்திருக்கிறார்கள். புதிதாக எதுவும் சேர்க்காத தொட்டியில் ஒட்டுண்ணியின் வம்சம் நாளடைவில் தளர்ந்துபோவதையும் பார்த்திருக்கிறார்கள். யூவி குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், அதன் வழியாகப் போகும் குஞ்சை மட்டும். உங்கள் மீன்கள் எதிர்ப்புச் சக்தியோடு நான்கு வருடமாக ஒரு சமாதான ஒப்பந்தத்தில் இருக்கின்றன. மின்சாரம் ஒரு நாள் போனாலோ ஹீட்டர் சதி செய்தாலோ ஒப்பந்தம் கிழியும்.

ஆனால் இவர் வைத்திருப்பது பவுடர் ப்ளூ. டாங் இனமே இந்த நோயைக் கூப்பிட்டு உட்காரவைக்கும், அதிலும் இது முதல் வரிசை. ஏற்கனவே உடம்பு முழுக்கப் புள்ளி, மூச்சும் வேகம். அடுத்த சுற்று செவுளில் இறங்கும். இதைத் தீனி கொடுத்துச் சமாளி என்று என் வாயால் சொல்ல முடியாது. (300 லிட்டரில் பவுடர் ப்ளூ வளர்ப்பதே சரியா என்பது வேறு சண்டை, மீன் பிழைக்கட்டும், அப்புறம் வைத்துக்கொள்வோம்.)


பவளப்பித்தன் எழுதியது:

தனித் தொட்டியில் செம்பு போடப் போகிறவர்களுக்காக என் கதை. இரண்டு வருடத்துக்கு முன் நான் ஒரு ஏஞ்சல் மீனையும் இரண்டு டாங்கையும் கொன்றேன், நோய் கொல்லவில்லை. கீலேட் செய்த (வேறு மூலக்கூறோடு பிணைத்த) செம்பு வாங்கினேன், காப்பர் பவர் வகை, அதை 2.25 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை வைக்க வேண்டும். கையில் இருந்த சோதனைப் பெட்டியோ குப்ராமின் போன்ற அயனிச் செம்புக்கானது, அதற்கு 0.5 வந்தாலே முழு அளவு. இரண்டு மருந்தின் எண்ணும் ஒன்றல்ல என்று அப்போது எனக்குத் தெரியாது. கீலேட் செம்பைப் போட்டுவிட்டு 0.5 வந்ததும் நிறுத்திவிட்டேன். அதாவது குஞ்சுகளுக்குக் குளியல் நீர் மாதிரி. பத்து நாள் கழித்துத் தவறு தெரிந்ததும் பதறிப்போய் ஒரே மாலையில் அளவை உச்சத்துக்கு ஏற்றினேன். காலையில் மூன்றும் தரையில்.

ஆகவே எந்தச் செம்பு என்று பார்த்து அதற்கேற்ற சோதனைக் கருவியை வாங்குங்கள். நிறம் பார்த்து ஒப்பிடும் அட்டையை நான் இப்போது நம்புவதில்லை, எண்ணாகக் காட்டும் ஹன்னா மீட்டர் வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுங்கள், மீன் தீனியை மறுத்தால் அந்த இடத்திலேயே ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். நீர் மாற்றும்போது உள்ளே விடும் புதுநீரிலும் அதே அளவு செம்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் அளவு இறங்கி 30 நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து. கார்பன் வைக்காதீர்கள், அது மருந்தை இழுத்துக்கொள்ளும். யூவி விளக்கையும் அணைத்துவிடுங்கள். கல்லும் மணலும் வேண்டாம், மீன் ஒளிய நான்கைந்து பிவிசி குழாய்த் துண்டு போதும். இன்னொரு பயங்கரம், அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவம் சிலவற்றைச் செம்போடு கலந்தால் செம்பு இன்னும் கொடிய விஷமாகிவிடும், குப்ராமின் புட்டியிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். அம்மோனியா ஏறினால் நீரை மாற்றுங்கள், புட்டியைத் தேடாதீர்கள். தனிமைத் தொட்டியில் மீன் சாவது பாதி நேரம் அம்மோனியாவால்தான், பழியை மட்டும் மருந்து சுமக்கிறது.


செவுள் எழுதியது:

மண்டாரின் இருப்பதால் நான் ஒரு மாதச் செம்பை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். அது பெரும்பாலும் உயிருள்ள கோப்பிபாட் என்ற நுண்ணிய நீர்ப்பூச்சியைத்தான் பொறுக்கித் தின்னும், செம்பு நீரில் கோப்பிபாட் உயிரோடு இருக்காது, மீன் பட்டினியில் போய்விடும். வெண்புள்ளி மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் தொட்டி மாற்றும் முறை இருக்கிறது, மருந்தே வேண்டாம்.

40, 60 லிட்டரில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு ஜோடி ஏர் கல், ஹீட்டர். ஒன்றில் மீனை விடுங்கள், அது முதல் நாள். 72 மணி நேரம் தாண்டுவதற்குள் மற்றதற்கு மாற்றுங்கள், புத்தம்புது உப்புநீர், அதே உப்புத்தன்மை, அதே வெப்பம். பழையதைக் கொட்டிக் கழுவி ஒரு துளி ஈரமில்லாமல் முழுக்கக் காயவிடுங்கள். இப்படியே 4, 7, 10, 13ஆம் நாள். ஒட்டுண்ணி மீனிலிருந்து விழுந்து கூடு கட்டி, அந்தக் கூடு திறக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும் என்பதுதான் இதன் சூட்சுமம். திறக்கும் நேரத்தில் மீன் அங்கே இருக்காது. மீனோடு பழைய நீர் ஒரு கரண்டிகூட வரக் கூடாது. வலையும் இரண்டு வேண்டும், ஒன்று ஈரமாக இருக்கும்போது மற்றது காய்ந்திருக்க வேண்டும். பயன்படுத்திய ஏர் கல்லைக் காய்ந்துவிட்டது என்று ஊதிப் பார்த்து மறுபடி போடாதீர்கள், உள்ளே ஈரம் இருக்கும், அதை மட்டும் ஒவ்வொரு முறையும் தூக்கி எறிந்துவிடலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை முழு நீரும் மாறுவதால் அம்மோனியா தொல்லையும் பெரிதாக இல்லை. மண்டாரினுக்குப் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கலாம்.

வெல்வெட்டுக்கு இந்த முறை உதவாது, அதன் வேகமே வேறு. பாதியில் எந்த மீனாவது நீரோட்டத்தில் போய் நின்றால் தயங்காமல் செம்புக்குப் போய்விடுங்கள். உப்புத்தன்மையை (ஒப்படர்த்தி அளவில்) 1.009 வரை இறக்கி நான்கு வாரம் வைக்கும் முறையும் அப்படித்தான், வெண்புள்ளிக்கு மட்டும், அதிலும் சில வகை அதைத் தாங்கிக்கொள்கிறது. அதற்கு நல்ல ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும், பிளாஸ்டிக் மிதவை மானியை நம்பி இறங்காதீர்கள்.


அலைநுரை எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், என் கோமாளி மீனுக்கும் நேற்றிலிருந்து இதே போல, ஆனால் புள்ளி இல்லை, வெள்ளையாகச் சளி தோல் உரிவது போல உரிந்து தொங்குகிறது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கையில் செம்பு இருக்கிறது, போடவா?


செவுள் எழுதியது:

வேண்டாம்! அது புரூக்ளினெல்லா போலத் தெரிகிறது, கோமாளி மீனுக்கென்றே நேர்ந்துவிட்ட நோய், செம்புக்கு அது அசையாது. இன்றைக்கே செய்ய வேண்டியது: குளோரின் நீக்கிய நன்னீர், தொட்டியின் அதே வெப்பம், அதே பிஎச், நன்றாகக் காற்று விட்டு, ஐந்து நிமிடம் முக்கி எடுங்கள். அது கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கும் இடைவெளி, அவ்வளவுதான். உண்மையான மருந்து ஃபார்மலின், 37 சதவீதக் கரைசலாக இருந்தால் லிட்டருக்கு 0.15 முதல் 0.25 மில்லி, தனி வாளியில், ஏர் பம்பு பலமாக ஓட, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு. மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். குளித்த மீன் பழைய தொட்டிக்குத் திரும்பப் போகக் கூடாது. ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் கட்டாயம். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் புட்டி கெட்டுவிட்டது, மீனுக்கு நேரடி விஷம். படம் எடுத்துத் தனிக் கேள்வியாகப் போடுங்கள், இங்கே இரண்டு நோய் கலந்தால் படிப்பவர்கள் குழம்புவார்கள்.


நீலத்தொட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. மணற்கடிகை சொன்னது போல மஞ்சள் டாங்கைப் பிடிக்கக் கல்லை எல்லாம் எடுக்க வேண்டியதாயிற்று, கடைசியில் பாதி நீரை இறக்கிய பிறகுதான் அகப்பட்டது. மண்டாரின் இரவில் கண்ணாடி ஓரம் தூங்கியது, டார்ச் அடித்து ஒரு டம்ளரில் அள்ளிவிட்டேன். தொட்டி மாற்றும் முறைதான், ஐந்துக்கும். செம்பும் மீட்டரும் வாங்கித் தயாராக வைத்திருக்கிறேன்.

இன்று ஏழாம் நாள், இரண்டாவது மாற்றம் முடிந்தது. பவுடர் ப்ளூ மேல் நான்கு புள்ளி மிச்சம், மஞ்சளின் மேல் இல்லை. இந்த முறை இல்லாததைப் பார்த்து நான் மகிழவில்லை. ஒரு சந்தேகம், 13ஆம் நாள் முடிந்தபின் மீதி 63 நாளைக்கு மீனை எங்கே வைப்பது, ப்ராசிக்வாண்டல் என்ற புழு மருந்தை அப்போது போடலாமா? கல்லில் உரசிய கோமாளியின் கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது.


உப்புக்காற்று எழுதியது:

புதுக் கண்ணாடித் தொட்டி ஒன்று, பெரிய தொட்டியிலிருந்து எதையும் கொண்டுவராமல், ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் புட்டி பாக்டீரியா போட்டு இன்றைக்கே ஓட விடுங்கள், 13ஆம் நாளுக்குள் ஓரளவு தயாராகிவிடும். மண்டாரின் வேறு தனியாக, டாங் இருக்கும் இடத்தில் அதற்குத் தீனி மிஞ்சாது. இந்தத் தொட்டியும் பெரிய தொட்டியும் ஒரே அறையில் என்றால் 3 மீட்டராவது தள்ளி வையுங்கள், ஏர் கல் தெறிக்கும் நுண்துளியிலேயே வெல்வெட் பரவியது சோதனையில் தெரிந்திருக்கிறது, வெண்புள்ளிக்கும் அதே எச்சரிக்கை கெட்டுப்போகாது. கண் மங்குவது தட்டைப்புழுவாக இருக்கலாம். ப்ராசி போடலாம், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், ஐந்து முதல் எட்டு நாள் கழித்து மறுபடி ஒருமுறை, ஏனென்றால் அதன் முட்டையை மருந்து தொடாது, பொரித்து வந்த பிறகுதான் பிடிக்க முடியும். அந்த இரண்டு நாளும் காற்றைக் கூட்டி விடுங்கள், தண்ணீர் கலங்கினால் பயப்பட வேண்டாம்.

பெரிய தொட்டியில் கை விட்டால் அப்புறம் முழங்கைவரை கழுவித் துடைத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். 76 நாள் முடியும்வரை புது நத்தை, புதுப் பவளம் எதையும் அதற்குள் விடாதீர்கள். ஓட்டில் ஒரு கூடு ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், அன்றைக்கு மறுபடி முதல் நாள்.


நீலத்தொட்டி எழுதியது:

போன வாரம்தான் ஒரு நத்தை ஜோடியைச் சொல்லி வைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.